வீட்டுப் பின்பக்கம் துருப்பிடித்து நிற்கும் ஆர்எக்ஸ் 100: தினமும் ஓட்டும் வண்டியாக மீட்க முடியுமா? கடலோரத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

மணவாளக்குறிச்சி, மண்டைக்காடு, குளச்சல் பக்கம் வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடிய பழைய பைக் ஒன்று நிற்பது பெரிய அதிசயம் இல்லை. யமஹா ஆர்எக்ஸ் 100, இண்ட்-சுசுகி, ஹீரோ ஹோண்டா சிடி 100 என எதுவாகவும் அது இருக்கலாம். அப்பா வேலைக்குப் போன வண்டி, மாமா வெளிநாடு போகும்போது விட்டுப்போன வண்டி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும். விற்க மனசு வராது, ஓட்டவும் முடியாது.

இப்போது அந்த வண்டிகளை வெளியே எடுத்து, புதுசு போல ஆக்கி, தினமும் ஓட்ட ஆசைப்படும் இளைஞர்கள் அதிகம். ஆசை சரிதான். ஆனால் பலரும் தொடங்கும் இடம்தான் தப்பு. முதல் வேலையாக பெயிண்ட் கடைக்கும் ஸ்டிக்கர் கடைக்கும் போகிறார்கள். பளபளன்னு ஒரு வண்டி தயாராகி நிற்கும், அதை ரோட்டில் எடுக்க பேப்பர் இருக்காது. பேப்பர் இருந்தால் பிரேக் பிடிக்காது. எதை முதலில் செய்ய வேண்டும், எதைக் கடைசியில் செய்ய வேண்டும் என்று பார்க்கலாம்.

இந்த வண்டிகள் எப்படி வந்தன?

1980-களின் தொடக்கத்தில், 100 சிசி வரையிலான இருசக்கர வாகனங்களை வெளிநாட்டு நிறுவனங்களோடு கூட்டு சேர்ந்து தயாரிக்க மத்திய அரசு கதவைத் திறந்தது. ஜப்பானின் நான்கு பெரிய நிறுவனங்களும் அடுத்தடுத்து உள்ளே வந்தன. சுசுகி நம்ம ஓசூரில் டிவிஎஸ் குழுமத்தோடு சேர்ந்து 1984-ல் இண்ட்-சுசுகியைக் கொண்டுவந்தது. ஹோண்டா, ஹீரோவோடு சேர்ந்தது. கவாசகி, பஜாஜோடு. யமஹா, எஸ்கார்ட்ஸோடு.

அந்த எஸ்கார்ட்ஸ் தயாரிப்பில் 1985-ல் வந்ததுதான் ஆர்எக்ஸ் 100. சிலிண்டர் போர் 50 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 50 மில்லிமீட்டர், மொத்தம் 98 சிசி. 11 குதிரைத்திறன். வண்டியின் எடையோ 100 கிலோவைச் சற்றே தாண்டும். இவ்வளவு லேசான வண்டியில் இவ்வளவு சக்தி என்பதுதான் அதன் 'பிக்-அப்' ரகசியம், வேறு மந்திரம் எதுவும் இல்லை. 1996-ல் புகை விதிகள் இறுகியபோது தயாரிப்பு நின்றது. அதாவது, கடைசியாக வந்த ஆர்எக்ஸ் 100-க்கே இன்று ஏறக்குறைய 30 வயது.

முதலில் பார்க்க வேண்டியது ஆர்.சி. புத்தகம்

ஸ்பேனரைத் தொடும் முன் ஆர்.சி.யை எடுங்கள். சொந்த உபயோக வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதன் பிறகு ஒவ்வொரு 5 ஆண்டுக்கும் ஆர்டிஓ அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, தகுதி பார்த்த பிறகு புதுப்பிக்க வேண்டும். இதற்கான விண்ணப்பம் படிவம் 25.

'15 வருஷம் ஆனா வண்டிய ஸ்கிராப்புக்குத்தான் போடணும்' என்று ஊரில் சொல்வதுண்டு. தமிழ்நாட்டில் தனியார் வாகனத்துக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. பெட்ரோல் வண்டிக்கு 15 ஆண்டு, டீசல் வண்டிக்கு 10 ஆண்டு என்ற பேச்செல்லாம் டெல்லி தலைநகர்ப் பகுதிக்காக பசுமைத் தீர்ப்பாயமும் உச்ச நீதிமன்றமும் போட்ட உத்தரவுகளில் இருந்து கிளம்பியது.

கட்டணம்தான் கூடியிருக்கிறது. இருசக்கர வாகனப் பதிவைப் புதுப்பிக்க 300 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 1,000 ரூபாய் ஆனது. 20 ஆண்டுகளைத் தாண்டிய வண்டிகளுக்கு அதை 2,000 ரூபாயாக்கி 2025 ஆகஸ்ட்டில் மத்திய அரசு அறிவிப்பு வெளியிட்டது. இது தவிர மாநில அரசின் பசுமை வரி தனி. இந்தத் தொகைகளைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது தாமதக் கட்டணத்துக்கு. புதுப்பிக்காமல் விட்ட பைக்குக்கு மாதம் 300 ரூபாய் கூடுதல் கட்டணம் என்று 2022-ல் அமலுக்கு வந்த விதி சொல்கிறது. மூன்று வருடம் விட்டாலே 10,800 ரூபாய். உங்கள் வண்டிக்கு எத்தனை மாதம் கணக்கில் வரும் என்பதை ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பட்டறைக்குப் பணம் கொடுங்கள்.

அடுத்த சிக்கல், பழைய பதிவுகள் பல இன்னும் தாளில்தான் இருக்கின்றன. எம்-பரிவாஹன் செயலியில் எண்ணைப் போட்டால் 'விவரம் இல்லை' என்று வரலாம். அதனாலேயே வண்டி போலி என்று ஆகிவிடாது. பழைய பதிவேட்டைப் பார்த்து, விவரத்தைக் கணினியில் ஏற்றித் தரும்படி வண்டி பதிவான அலுவலகத்தில் கேட்க வேண்டும். டிஎன் 74 என்றால் நாகர்கோவில், டிஎன் 75 என்றால் மார்த்தாண்டம்.

வண்டி அப்பா பெயரில் இருந்து, அவர் இப்போது இல்லை என்றால், வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். ஆர்.சி. தொலைந்திருந்தால் போலீஸில் புகார் பதிந்து, படிவம் 26 மூலம் நகல் வாங்கலாம். குமரி மாவட்டத்தில் இன்னொன்றும் அடிக்கடி நடக்கும். நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் பக்கம் கேஎல் எண் கொண்ட வண்டியை 'நல்ல கண்டிஷன்' என்று வாங்கி வந்துவிடுவார்கள். அந்த ஊர் அலுவலகத்தின் தடையில்லாச் சான்று, அதாவது படிவம் 28, கையில் வராமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிட வேண்டாம். இங்கே வந்து வரி கட்டி, எண் மாற்றும் வேலையும் பாக்கி இருக்கும்.

பேப்பரே இல்லாத வண்டி, சேஸ் எண் தேய்த்த வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். ஆர்எக்ஸ் 100-க்கு இப்போது கிடைக்கும் விலை திருடனுக்கும் தெரியும்.

'விண்டேஜ்' என்று பதிவு செய்தால் என்ன ஆகும்?

பழைய வண்டி என்றாலே 'விண்டேஜ்' என்று பதிவு செய்துகொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவு ஆகி 50 ஆண்டு கடந்த வண்டிதான் விண்டேஜ். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு, நம்பர் பிளேட்டில் 'விஏ' என்ற எழுத்துகள். 1985-ல் வந்த முதல் ஆர்எக்ஸ் 100 அந்த வயதை எட்டவே 2035 ஆகும்.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. விண்டேஜ் பதிவு பெற்ற வண்டியை அன்றாட உபயோகத்துக்கு ரோட்டில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் போவது, இவ்வளவுதான் அனுமதி. தினமும் குளச்சல் சந்தைக்குப் போய்வர வேண்டும் என்றால், சாதாரணப் பதிவைப் புதுப்பித்து வைத்திருப்பதுதான் ஒரே வழி.

உப்புக்காற்றில் வண்டிக்கு என்ன நடக்கிறது?

குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. மற்ற மாவட்டங்களில் வண்டி காய்ந்து கிடக்கும் மாதங்களிலும் இங்கே ஈரம் விடாது. கூடவே கடல் காற்றில் வரும் உப்பு. உப்பில் உள்ள குளோரைடு, இரும்பின் மேல் படிந்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மதுரையில் பத்து வருடம் நின்ற வண்டியும் மணவாளக்குறிச்சியில் பத்து வருடம் நின்ற வண்டியும் ஒன்றாக இருக்க வாய்ப்பே இல்லை.

வெளியே தெரியும் துரு பாதிதான். பிரேம் குழாய்க்குள்ளே, ஸ்விங் ஆர்ம் உள்ளே, பேட்டரி டப்பாவுக்குக் கீழே, மட்கார்டின் மடிப்பில் இருக்கும் துருதான் வில்லன். ஒரு சின்னச் சுத்தியலால் பிரேமைத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடத்தில் 'டிங்' என்று கேட்கும், அரித்த இடத்தில் சத்தம் மொத்தையாகும். ஸ்டியரிங் கழுத்துப் பக்கமோ, இன்ஜின் பிடித்திருக்கும் இடத்திலோ பிரேம் அரித்திருந்தால் அதை ஒட்டுப்போட்டுத் தினமும் ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. அந்த வண்டியை அப்படியே நினைவாக வைத்துக்கொள்ளலாம்.

பிரேம் நன்றாக இருந்தால், துருவை எடுக்க பிளாஸ்டிங் செய்வார்கள். அழுத்தக் காற்றில் தூளைப் பாய்ச்சி இரும்பைச் சுரண்டும் முறை இது. இதற்குப் பயன்படும் நல்ல தூள்களில் ஒன்று கார்னெட். மணவாளக்குறிச்சிக்காரர்களுக்கு இந்தப் பெயர் புதுசு இல்லை. இங்குள்ள ஐஆர்இஎல் மணல் ஆலையில் இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட்டோடு சேர்த்துப் பிரிக்கப்படும் கனிமம்தான் அது. இல்மனைட்டில் இருந்து வரும் டைட்டானியம் டைஆக்சைடுதான் வெள்ளை பெயிண்டின் வெள்ளை. ஆக, ஊர் மண்ணுக்கும் பழைய பைக்குக்கும் நிஜமாகவே ஒரு உறவு இருக்கிறது!

அதற்காகக் கடற்கரை மணலை வாளியில் அள்ளி வந்து பிளாஸ்டிங் செய்யலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அனுமதியில்லாமல் அள்ளுவது குற்றம். அந்த மணலில் கதிரியக்கத் தோரியம் கொண்ட மோனசைட்டும் இருக்கிறது, உப்பும் இருக்கிறது. எந்த மணலாக இருந்தாலும் தூளை மூச்சில் இழுப்பது நுரையீரலுக்குக் கேடு. முறையான பட்டறையில்தான் செய்ய வேண்டும்.

இதில் இரண்டு எச்சரிக்கை. பெட்ரோல் டேங்க், சைடு பேனல் போன்ற மெல்லிய தகடுகளில் பலமாகப் பாய்ச்சினால் நெளிந்துவிடும். இன்னொன்று, சேஸ் எண் உள்ள இடத்தை டேப் ஒட்டி மூடாமல் விட்டால் எண் தேய்ந்துவிடும். அதன் மேல் தடிமனாக பெயிண்ட் அப்பினாலும் இதே கதைதான். ஆர்டிஓ அலுவலகத்தில் சேஸ் எண்ணை பென்சில் பிரிண்ட் எடுத்துக் கேட்பார்கள். எண் தெளிவாக விழாவிட்டால், அழகாக மீட்டெடுத்த வண்டி சந்தேகத்துக்குரிய வண்டியாகிவிடும்.

துரு எடுத்த இரும்பைக் கடலோரத்தில் ஒரு ராத்திரி சும்மா வைத்தாலே மறுபடி செம்மண் நிறம் ஏறும். அன்றைக்கே பிரைமர் அடிக்க வேண்டும். பவுடர் கோட்டிங் நல்லதுதான், ஆனால் ஒரு கல் பட்டுச் சில்லு பெயர்ந்தால், அந்த ஓட்டை வழியாகத் துரு அடியிலேயே பரவும், வெளியே தெரியாது. எபாக்ஸி பிரைமர் போட்டு அதன் மேல் சாதாரண பெயிண்ட் அடித்தால், பெயர்ந்த இடத்தை வீட்டிலேயே தொட்டுச் சரிசெய்யலாம். தினமும் ஓட்டும் வண்டிக்கு இதுவே வசதி. குழாய்களுக்குள்ளே துரு தடுப்பு எண்ணெய் ஊற்றிச் சுழற்றிவிடுவதை மறக்கக் கூடாது.

'ஸ்டார்ட் ஆவுதா பாரு' என்று கிக்கர் அடிக்கலாமா?

கூடவே கூடாது. எல்லோருக்கும் முதலில் கை போவது, இல்லை, கால் போவது கிக்கருக்குத்தான். பல வருடம் நின்ற இன்ஜினில் பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு ஒட்டியிருக்கலாம். பேரிங்கில் துரு இருக்கலாம். முரட்டுத்தனமாக உதைத்தால் நல்லா இருக்கும் பாகமும் போகும். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஒன்றிரண்டு நாள் ஊற வைத்து, பிறகு கையால் மெதுவாகச் சுழற்றிப் பார்க்க வேண்டும்.

டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் பலர் விட்டுவிடுவது கிராங்க் ஆயில் சீல். விலை குறைந்த ரப்பர் வளையம். ஆனால் இந்த வகை இன்ஜினில் பெட்ரோலும் காற்றும் கிராங்க் அறை வழியாகத்தான் சிலிண்டருக்குப் போகும், அதனால் அந்த அறை காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். நின்று நின்று சீல் காய்ந்து வெடித்திருந்தால், மேக்னெட்டோ பக்கமாக வெளிக்காற்று உள்ளே போகும். கலவையில் பெட்ரோல் குறையும், அதோடு போகும் எண்ணெயும் குறையும். இன்ஜின் சூடேறி, ஓடும்போதே பிஸ்டன் பிடித்து, பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ரேஸ் இறங்காமல் நிற்கிறதா? முதல் சந்தேகம் அங்கேதான். கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயிலை இன்ஜின் உறிஞ்சி, நிற்காமல் வெள்ளைப் புகை விடும்.

ஆகவே 'ஓடுதே, அப்புறம் பாத்துக்கலாம்' என்று விடாமல், இன்ஜினைப் பிரித்து சீல், பேரிங், கேஸ்கட் எல்லாவற்றையும் மாற்றிவிடுவதே தினசரி ஓட்டத்துக்குப் பாதுகாப்பு. சிலிண்டர் தேய்ந்திருந்தால் லேத்தில் ரீபோர் செய்து 0.25, 0.50 மில்லிமீட்டர் எனப் பெரிய அளவு பிஸ்டன் போடலாம். ஒவ்வொரு ரீபோரும் சிலிண்டரின் ஆயுளில் ஒரு படி. அதனால் தேவையான அளவுக்கு மேல் ஒரே தாவாகப் போக வேண்டாம். சிலிண்டரைத் தரும்போதே புது பிஸ்டனையும் கொடுத்து, அதற்கு அளவாகப் போர் செய்யச் சொல்வது நல்ல பழக்கம்.

உதிரிபாகம் கிடைக்குமா என்றால், கிடைக்கும். நாகர்கோவில் கடைகளில் இல்லாதது சென்னை புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கலாம். ஆனால் ஒரிஜினல் என்று சொல்லி விற்கும் டூப்ளிகேட்டும் ஏராளம். சைடு பேனல், இண்டிகேட்டர் டூப்ளிகேட்டாக இருந்தால் மனசுதான் வலிக்கும். பிஸ்டன், கனெக்டிங் ராட், பேரிங், பிரேக் ஷூ டூப்ளிகேட்டாக இருந்தால் உடம்பு வலிக்கும். பட்ஜெட் கம்மி என்றால் எங்கே கை வைக்கலாம் என்பது இதிலேயே தெரியும்.

இ20 பெட்ரோல் ஒத்துக்கொள்ளுமா?

இந்த வண்டிகள் வந்த காலத்தில் பெட்ரோலில் எத்தனால் இல்லை. இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாய், கார்புரேட்டரின் ஓ-ரிங் போன்றவற்றை எத்தனால் ஊற வைத்துக் கெடுக்கலாம். அதோடு, எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். கடலோரத்தில் அரை டேங்க் பெட்ரோலோடு வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தினால், அடியில் தண்ணீர் பிரிந்து டேங்க் உள்ளே துருப்பிடிக்க வழி உண்டு.

பழைய டேங்கை முதலில் சுத்தம் செய்ய வேண்டும். சிட்ரிக் அமிலக் கரைசலை ஊற்றி ஊற வைத்து, பிறகு சோடா உப்புத் தண்ணீரால் கழுவி, நன்றாக உலர்த்துவது வீட்டிலேயே செய்யக்கூடிய முறை. ஓட்டை இருந்தால் வெல்டிங் வைக்க அவசரப்படக் கூடாது. காலி டேங்கில் மிச்சமிருக்கும் பெட்ரோல் ஆவி வெடிக்கும், இதற்கென்று பழகிய ஆளிடம்தான் கொடுக்க வேண்டும். ரப்பர் பாகங்களை எத்தனாலைத் தாங்கும் புது வகைக்கு மாற்ற வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோலில் கலவை கொஞ்சம் வறட்சியாக எரியும் என்பதால், கார்புரேட்டரின் மெயின் ஜெட் அளவைக் கூட்ட வேண்டுமா என்று பிளக்கின் நிறத்தைப் பார்த்து மெக்கானிக் முடிவு செய்வார். காப்பிப்பொடி நிறம் என்றால் சரி. வெளுத்திருந்தால் இன்ஜின் வெந்துகொண்டிருக்கிறது.

ஆர்எக்ஸ் 100-ல் டூ-டி ஆயிலைப் பெட்ரோலோடு நாம்தான் கலக்க வேண்டும். லிட்டருக்கு 20 மில்லி என்றால் 50-க்கு 1. புதிதாக ரீபோர் செய்த இன்ஜினுக்குத் தொடக்கத்தில் கொஞ்சம் கூட்டிப் போடச் சொல்வார்கள். 'ஜாஸ்தி ஊத்தினா இன்ஜினுக்கு நல்லது' என்று எப்போதும் ஊற்றிக்கொண்டே இருந்தால் சைலன்சரில் கரி அடைத்து இழுவை குறையும், புகைப் பரிசோதனையிலும் மாட்டும்.

புகைப் பரிசோதனையில் தேறுமா?

ஒழுங்காக இருந்தால் தேறும். 2000 மார்ச் 31 வரை தயாரான இருசக்கர வாகனங்களுக்கு வரம்பு தனி. கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 9,000 பிபிஎம். புது வண்டிகளின் வரம்பை இதற்குப் போட்டால் எப்படிச் சரி செய்தாலும் தேறாது. ஆகவே சான்றிதழ் மையத்தில் வண்டியின் தயாரிப்பு வருடம் சரியாகப் பதிவாகிறதா என்று ஒரு தடவை பாருங்கள். சைலன்சர் உள்குழாயை வெட்டி எடுத்து ஊரையே அலறவிடுவது, வேறு இன்ஜினைத் தூக்கி வைப்பது இரண்டும் சட்டச் சிக்கல். அனுமதி இல்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றினால், மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு சொல்கிறது. சைலன்சரை வெட்டினால் இழுவையும் குறையும் என்பது வேறு விஷயம். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் சைலன்சரும் இன்ஜினின் ஒரு பாகம் மாதிரிதான்.

ஓடுவதைவிட முக்கியம், நிற்பது

1985-ல் நாகர்கோவில் ரோட்டில் இருந்த நெரிசல் வேறு, இன்று இருப்பது வேறு. இந்த வண்டியில் முன்னும் பின்னும் டிரம் பிரேக்தான், டிஸ்க் இல்லை. இப்போதைய பைக் போல டக்கென்று நிற்காது. டிரம்மின் உள்பக்கம் துருவால் குழிந்திருந்தால் லேத்தில் சமன் செய்து, புது ஷூ போட வேண்டும். பழைய ஷூவின் தூளை வாயால் ஊதவோ, காற்றடித்துப் பறக்கவிடவோ வேண்டாம், அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடையுங்கள்.

டயரில் பட்டன் தேயாமல் இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2314 என்றால் 2014-ம் ஆண்டின் 23-வது வாரம். அந்த ரப்பர் இப்போது கல். நான்கு இலக்க எண்ணே இல்லை என்றால் அது 2000-க்கும் முந்தைய டயர், யோசிக்கவே வேண்டாம். ஸ்போக்ஸ் கம்பிகள் நிப்பிள் பக்கம்தான் அரிக்கும், மேலே குரோம் பளபளக்கும். மொத்தமாக மாற்றிவிடுவது நல்லது. கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர் கேபிள்களும் அப்படியே. வயரிங்கைப் பிரித்துப் பாருங்கள், செம்பில் பச்சை படிந்திருந்தால் அந்த இடத்தை ஒட்டுப்போடாமல் ஹார்னஸையே மாற்ற வேண்டும். ராத்திரி மண்டைக்காடு பக்கம் வரும்போது ஹெட்லைட் அணைவது சின்ன ரிப்பேர் இல்லை.

வண்டி தயாரான பிறகு

ரீபோர் செய்த இன்ஜினை முதல் சில நூறு கிலோமீட்டர் விரட்டக் கூடாது. ஒரே வேகத்தில் நீண்ட தூரம் ஓட்டவும் கூடாது. மணவாளக்குறிச்சியில் இருந்து நாகர்கோவில் சுமார் 20 கிலோமீட்டர். தொடக்கத்தில் இடையில் எங்காவது நிறுத்தி, ஒரு டீ குடித்து, இன்ஜின் ஆறியதும் கிளம்புங்கள்.

மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் தெருமுனை வரைகூட எடுக்க வேண்டாம். அதற்கும் செல்லுபடியாகும் ஆர்.சி.யைத்தான் முதலில் கேட்பார்கள். பழைய வண்டிக்கு ஆன்லைனில் காப்பீடு எடுக்க முடியவில்லை என்றால் காப்பீட்டு நிறுவனத்தின் கிளை அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள்.

கடற்கரை ரோட்டில் போய் வந்த நாளில் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். ஊரில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் கழுவிப் பயனில்லை, குடிநீர்க் குழாயில் ஒரு வாளி பிடித்தால் போதும். கழுவியதும் ஒரு கிலோமீட்டர் ஓட்டினால் டிரம்மில் புகுந்த ஈரம் காயும். பிறகு செயினுக்கும் ஸ்போக்ஸுக்கும் எண்ணெய் துடையுங்கள். பிளாஸ்டிக் கவரில் இறுக்கி மூட வேண்டாம், ஈரம் உள்ளேயே நிற்கும். கூரை இருக்கும், காற்று ஓடும் இடமாகப் பார்த்து, முடிந்தால் கடல் பக்கம் சுவர் மறைக்கிற மாதிரி நிறுத்துங்கள்.